பேய்க்கதை கேட்டால், இறந்தது யார் என்று கேளுங்கள்

பேய்ப்படம், பேய்க்கதை, பாழடைந்த பங்களா, ஆள் நடமாட்டமில்லாத ஆற்றங்கரை. இதில் எதைப் பற்றிப் பேச்சு வந்தாலும் நான் அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். வயது 18, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிவம் 6 படிக்கிறேன். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பத்து காஜாவுக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தவள். காலையில் பள்ளிப் பேருந்தில் காதில் ஒரு பேய்க்கதை ஒலித்துக்கொண்டிருக்கும். ஓய்வு நேரத்தில் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பொந்தியானாக் என்ற மலாய்ப் பெண்பேயை வரைவேன். வெள்ளிக்கிழமை இரவு அத்தை பிள்ளைகளோடு விளக்கை அணைத்துவிட்டு ஒரு படம். பசார் மாலாம் இரவுச் சந்தையில் எலும்புக்கூடு போட்ட சட்டை தொங்கினால் விலை கேட்காமல் என்னால் நகர முடியாது.

"எஸ்.டி.பி.எம். பரீட்சைய வச்சுக்கிட்டு பேய் பேய்னு அலையறியேம்மா" என்று படிவம் 6-இன் இறுதிப் பரீட்சையை நினைத்து அம்மா கவலைப்படுவார். அவருடைய கவலை நியாயமானதுதான். ஆனால் இந்த ஆர்வத்தை நான் விடப்போவதில்லை. எங்கள் தோட்டத்தில் யார் வாழ்ந்தார்கள், யார் எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள் என்பதைப் பள்ளிப் பாடநூல் எனக்குச் சொல்லவில்லை. பேய்க்கதைகள்தான் சொல்லின. இந்தப் பொழுதுபோக்கில் எனக்குப் புரிந்தவற்றை இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம்.

எங்கள் தோட்டத்தில் பேய்களுக்குப் பஞ்சமே இல்லை. வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட பழைய ஆயாக் கொட்டகைக்குப் பின்னால் உள்ள வாழைத்தோப்பில் ஒரு பெண் அழுவாள். ரப்பர் உலர்த்திய, இப்போது இடிந்துபோன புகைக்கூடத்தில் யாரோ இருமுவார்கள். ரயில் கேட்டுப் பக்கம் இரவில் ஆண்கள் கூட்டமாக நடந்து வரும் சத்தம் கேட்கும், ஆள் தெரியாது. முனீஸ்வரர் கோயில் இந்தக் கணக்கில் சேராது. அவர் காவல் தெய்வம். சுருட்டு வைத்துக் கும்பிடுகிறவர்கள் முன்னால் அவரைப் பேய்க்கதையில் சேர்த்துப் பேசினால் மனம் புண்படும். கதை கேட்கப் போகிற எவரும் முதலில் இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும்.

வாழைத்தோப்புக் கதையைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தேன். அழுவாள், முடி தரை வரை இருக்கும், திரும்பிப் பார்த்தால் காய்ச்சல் வரும். அவ்வளவுதான் கதை. ஆனால் தமிழ்ப் பேய்ப்படம் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒன்று தெரியும். இடைவேளைக்குப் பிறகு கட்டாயம் ஒரு பிளாஷ்பேக் வரும். இந்தப் பேய் யார், எந்த ஊர், யார் செய்த அநியாயத்தால் இப்படி ஆனது என்று அங்கேதான் தெரியும். எங்கள் வாழைத்தோப்புப் பெண்ணுக்கு மட்டும் ஏன் பிளாஷ்பேக்கே இல்லை? ஒரு மத்தியானம் பாட்டி நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"பாட்டி, ஆயாக் கொட்டகை பின்னாடி அழுவுற பொம்பள யாரு?"

"யாருன்னா? பேய்தான்."

"பேயாவறதுக்கு முன்னாடி?"

கிள்ளிக்கொண்டிருந்த விரல் நின்றது. தலை ஒரு பக்கம் உடல் ஒரு பக்கம் என்று போட்டுக்கொண்டிருந்தவர், கையிலிருந்த நெத்திலியை முழுசாகவே தட்டில் வைத்துவிட்டார்.

"அஞ்சாம் லயத்து வரிசை வீட்டுல இருந்த பொண்ணு. நான் கல்யாணமாகி இங்க வந்த புதுசு. அவளுக்குத் தலைப்பிரசவம். ராத்திரி வலி எடுத்திருச்சு. மருந்து குடுக்கற டிரெஸ்ஸர் ஊர்ல இல்ல, லாரியும் கெடைக்கல. காலையில வேலைக்கு ஆள் கூட்டுற பெரட்டுக்கு மணி அடிக்கறதுக்குள்ள ரெண்டு உசுரும் போயிருச்சு. புருசன்காரன் வேற தோட்டத்துக்குப் போயிட்டான். அப்புறம் அவ பேரச் சொல்ல இங்க யாரு இருக்கா?"

பாட்டி அந்தப் பெண்ணின் பெயரையும் சொன்னார். அவருடைய உறவுக்காரர்கள் எங்கேயாவது இருக்கக்கூடும் என்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அன்றிலிருந்து வாழைத்தோப்பைத் தாண்டும்போது "பேய்" என்று எனக்குள் வருவதில்லை. அந்தப் பெயர்தான் வருகிறது.

பொந்தியானாக் கதையின் மூலமே இதுதான். கர்ப்பத்தோடோ பிரசவத்திலோ இறந்த பெண் அப்படி ஆவாள் என்பது மலாய் நம்பிக்கை. பிடரியில் ஆணி அடித்தால் சாதாரணப் பெண்ணாகிவிடுவாள் என்பார்கள். பெனாங்காலான் என்று இன்னொன்று உண்டு. தலை மட்டும் குடலோடு பறந்து வந்து, பிள்ளை பெற்ற வீட்டைத் தேடும். அதற்காகத் தூண் வைத்துக் கட்டிய கம்பத்து (மலாய்க் கிராமத்து) வீடுகளின் அடியில் முள் தாழை இலைகளைப் போட்டு வைப்பார்களாம். இரண்டு கதையும் பிரசவ அறையையே சுற்றி வருகின்றன. 1957-இல் மலாயாவில் ஒரு இலட்சம் பிறப்புக்கு ஏறத்தாழ 280 தாய்மார்கள் இறந்தார்கள். இன்று அது பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிட்டது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒவ்வொரு கம்பத்துக்கும் இப்படி ஒரு பெண் இருந்திருப்பாள். வாழைத்தோப்பில் அழுவது ஒருத்தி இல்லை.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் கர்ப்பிணி இறந்தால் அவள் நினைவாகச் சுமைதாங்கிக் கல் நடுவார்கள். இறக்கி வைக்காத சுமையோடு போனவளுக்காக, வழிப்போக்கர் சுமை இறக்கி இளைப்பாற ஒரு கல். எங்கள் தோட்டத்தில் கல் நட ஆளில்லை, சொந்த நிலமும் இல்லை. கதை மட்டும் மிஞ்சியது. அந்தக் கதையை "மூடநம்பிக்கை" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

அதே 1957-இல்தான் சிங்கப்பூரில் கேத்தே கெரிஸ் நிறுவனம் 'பொந்தியானாக்' படத்தை வெளியிட்டது. மரியா மெனாடோ நடித்தார். இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி.என்.ராவ். மலாய்ப் பேய்ப்படங்களின் தொடக்கத்திலேயே நம் பக்கத்து ஆள் ஒருவர் நிற்கிறார் என்று தெரிந்த நாளில் எனக்குத் தலைகால் புரியவில்லை, வகுப்பில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தப் படத்தின் பிரதி இன்று கிடைப்பதில்லை. நான் எவ்வளவோ ஆசைப்பட்டும் பார்க்க முடியாத படம் அது. பேய்ப்படத்தை நேசிக்கிறவர்கள் இந்த வரலாற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு படம் ஏன் பயமுறுத்துகிறது என்பது அப்போதுதான் புரிகிறது.

கதை கேட்கும் முறையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் பயன் அதிகம். இரவில் கேட்காதீர்கள். இரவில் சொல்கிறவர் உங்களைப் பயமுறுத்தப் பார்ப்பார். பகலில் சொல்கிறவர் ஞாபகப்படுத்திச் சொல்வார். கைக்கு ஏதாவது வேலை இருக்கும் நேரம் நல்லது: கீரை ஆய்வது, துணி மடிப்பது, பூ கட்டுவது. எடுத்த எடுப்பில் ஹேண்ட்போனை முன்னால் வைத்து ஒலிப்பதிவு செய்தால் பெரியவர்கள் மேடைப் பேச்சு பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஒருமுறை சும்மா கேளுங்கள். அடுத்த முறை அனுமதி கேட்டுப் பதிவு செய்யுங்கள். "அதெல்லாம் பொய் பாட்டி" என்று இடையில் சொன்னால் கதை அங்கேயே செத்துவிடும்.

வருடம் கேட்டால் யாருக்கும் தெரியாது. "ஜப்பான்காரன் வர்றதுக்கு முன்னயா, பின்னயா?", "அப்போ கர்ஃபியூ இருந்துச்சா?", "ரப்பர அழிச்சுச் செம்பனை போட்டது அப்பவா?" என்று கேட்டால் சட்டென்று பதில் வரும். ஜப்பான்காரர்கள் இறங்கியது 1941 டிசம்பர். கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க அறிவித்த அவசரகாலம் 1948 முதல் 1960 வரை. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் பெரும்பாலான கதைகளுக்கு ஒரு காலத்தைக் குறித்துவிடலாம். பிறகு இடம்: எந்த லயம், எந்த மரம், பெரட்டுக் களத்திலிருந்து எந்தப் பக்கம். கடைசியாக அந்த ஒரு கேள்வி: பேயாவதற்கு முன்னால் அவர் யார்?

ரயில் கேட்டில் கேட்கும் காலடிச் சத்தத்துக்கு இப்படித்தான் விடை கிடைத்தது. பாட்டியின் மாமியார் சொன்ன கதையாம். ஜப்பான் காலத்தில் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்துக்கு) ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். நல்ல கூலி என்று நம்பிப் போனவர்களும் உண்டு, வலுக்கட்டாயமாக லாரியில் ஏற்றப்பட்டவர்களும் உண்டு. சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் பாதை 1942-க்கும் 1943 அக்டோபருக்கும் இடையில் போட்டு முடிக்கப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் ஆயிரம் ஆயிரமாக மடிந்தார்கள். சயாம் மரண ரயில் என்றுதான் நம்மவர்கள் சொல்வார்கள். இங்கே மனைவிமார்கள் ரயில் சத்தம் கேட்கும்போதெல்லாம் கேட்டுப் பக்கம் ஓடினார்களாம். திரும்பி வராதவர்கள் நடந்து வரும் சத்தம்தான் அது என்று பாட்டியின் மாமியார் சொல்லியிருக்கிறார். அந்தக் கதையைக் கேட்டு எனக்குப் பயம் வரவில்லை, தொண்டை அடைத்துக்கொண்டது.

எல்லாச் சத்தத்துக்கும் பின்னால் ஒரு மரணம் இருக்கிறது என்று சொல்லவில்லை. சில சத்தங்களுக்குப் பின்னால் இறக்கை இருக்கிறது. செம்பனைத் தோட்டத்தில் எலித் தொல்லை அதிகம். பழத்தைக் கொறித்துப் பாழாக்கிவிடும். அதற்காகப் பல தோட்டங்களில் கம்பத்தின் மேல் மரப்பெட்டி வைத்துக் கூகை என்ற ஆந்தையை வளர்க்கிறார்கள். ஐந்திலிருந்து பத்து ஹெக்டேருக்கு ஒரு பெட்டி என்பது வழக்கம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் பத்தொன்பதாம் காடு என்ற செம்பனைப் பகுதியில் வெள்ளையாக ஒன்று மிதந்து போகிறது, பெண் குரலில் கத்துகிறது என்று பேச்சு கிளம்பியபோது, மண்டோராக (மேற்பார்வையாளராக) வேலை செய்யும் என் மாமாவோடு பொழுது சாயும் நேரத்தில் அங்கே போய் நின்றேன்.

முதலில் பெட்டிக்குள்ளிருந்து ஒரு சீறல். பிரஷர் குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் சீறுமே, அப்படி விடாமல். குஞ்சுகள் இரை கேட்கும் சத்தம் என்றார் மாமா. பிறகு தாய்ப் பறவை வந்தது. வந்தது என்றுதான் சொல்ல முடியும், வரும் சத்தம் துளியும் கேட்கவில்லை. தலைக்கு மேல் வெள்ளை வயிறும் இதய வடிவ முகமும் தெரிந்தன, அடுத்த நொடி அந்தக் கத்தல். மற்ற ஆந்தைகள் மாதிரி இது குழறாது, கிழிக்கிற குரலில் அலறும். விஷயம் தெரிந்து நின்ற எனக்கே மயிர்க்கால்கள் நட்டுக்கொண்டன.

கம்பத்தின் அடியில் கட்டைவிரல் அளவுக் கறுப்பு உருண்டைகள் கிடந்தன. கூகை எலியை முழுசாக விழுங்கிவிட்டு, செரிக்காத முடியையும் எலும்பையும் உருட்டிக் கக்கிவிடும். ஒன்றைக் கையுறை போட்டுக்கொண்டு எடுத்து வந்து, வெந்நீரில் ஊறவைத்துப் பல்குச்சியால் பிரித்தேன். சாம்பல் நிற முடிக்குள்ளிருந்து ஒரு குட்டித் தாடை எலும்பு வெளியே வந்தது, முன்பல் ஆரஞ்சு நிறத்தில். என் மேசையில் ஒரு கண்ணாடிச் சீசாவில் இப்போதும் இருக்கிறது. இதைவிட நல்ல பேய்ப் பொருளை எந்தக் கடையிலும் நான் பார்த்ததில்லை. சாக்குருவி என்று சொல்லிக் கல் எறிகிறவர்கள் தோட்டத்தில் இன்னமும் இருக்கிறார்கள். தயவுசெய்து எறியாதீர்கள். நம் வீட்டு அரிசி மூட்டையையும் சேர்த்துத்தான் அது காவல் காக்கிறது.

இன்னும் சில உண்டு. ரப்பர் காடு பக்கத்தில் இருந்தால், வெயில் காலத்தில் காய்கள் 'டப்'பென்று வெடித்துக் கொட்டைகள் தகரக் கூரையில் விழும். கூரைமேல் யாரோ நடக்கிற மாதிரியே இருக்கும். நடுராத்திரி திடீரென்று பண்டான் வாசம் அடித்தால் மரநாய் கூரையைத் தாண்டிப் போகிறது என்று அர்த்தம், அதன் உடம்பு வாசமே அப்படி. மலாய்க்காரர்களின் இடுகாடுகளில் கெம்போஜா மரம் நட்டிருப்பார்கள். அந்தப் பூ இரவில்தான் அதிகம் மணக்கும், அந்துப்பூச்சியை வரவழைக்க. "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று இதற்கெல்லாம் பழமொழி சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்கு அந்தப் பழமொழியோடு முழு உடன்பாடு கிடையாது. இருட்டில் இருப்பது என்ன என்று போய்ப் பார்த்தால் அதுவும் பேய்க்கு நிகரான அதிசயமாகத்தான் இருக்கிறது.

எல்லா இருட்டிலும் வெளிச்சம் போடவும் கூடாது. பத்து காஜாவைச் சுற்றிப் ஈயம் தோண்டி நீர் நிரம்பிய பழைய குட்டைகள் ஏராளம். கரை செங்குத்து, காலடி மணல் சரியும், ஆழம் கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு குட்டையிலும் 'ஆள் இழுக்கும்' ஒன்று இருப்பதாகப் பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் என்னிடம் "அக்கா, நெஜமாவா?" என்று கேட்டால், "அந்தக் கொளத்துல விழுந்தவங்க திரும்பி வரலடா, கிட்டப் போகாத" என்று மட்டும் சொல்வேன். அந்தக் கதை பல பிள்ளைகளின் உயிரைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. அதை உடைக்க எனக்கு உரிமை இல்லை.

தூக்கத்தில் அமுக்குவான் வருவதைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். என் வயதில் நிறையப் பேருக்கு இது நடக்கிறது, வெளியே சொல்லாமல் பயந்து சாகிறார்கள். விழிப்பு வந்துவிடும், கைகால் அசையாது, மார்பில் யாரோ ஏறி உட்கார்ந்த பாரம், அறை மூலையில் ஓர் உருவம். கனவு காணும் தூக்கத்தில் மூளை உடம்பின் தசைகளை அசையாமல் நிறுத்தி வைக்கிறது. அந்தப் பிடி விடுவதற்குள் கண் விழித்துவிட்டால் இப்படித்தான் ஆகும். சில நொடிகளில், மிஞ்சினால் சில நிமிடங்களில், தானே விலகிவிடும், உயிருக்கு ஆபத்து இல்லை. தூக்கம் கெட்டவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் அதிகம் வரும். ஒருக்களித்துப் படுங்கள், தூங்கும் நேரத்தை ஒழுங்காக வைத்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது போராடாமல் ஒரே ஒரு விரலை அசைக்கப் பாருங்கள். அடிக்கடி வந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். எனக்கும் வந்திருக்கிறது. காரணம் தெரிந்த பிறகு அந்த மூலையில் நிற்கும் உருவத்தைக் கூர்ந்து பார்த்து, காலையில் வரைந்து வைத்தேன். பேய்ப்படம் பார்த்தால் பதினொரு மணிக்கு முடித்துவிட வேண்டும் என்று எனக்கு நானே வைத்துக்கொண்ட விதியும் அப்போது வந்ததுதான்.

எங்கள் பக்கத்துப் பிரபலமான பேய் பங்களா கெல்லி மாளிகை. ஈப்போவிலிருந்து வருகிறவர்கள் நடைபாதையில் நின்று படம் எடுத்து, "ஏதோ நிழல் விழுந்திருக்கு" என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அந்த இடத்துக்கு அது போதாது. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 20 வயதில் மலாயாவுக்கு வந்து, ரப்பரில் பணம் சேர்த்து, 1915-இல் அந்த மாளிகையைக் கட்டத் தொடங்கினார். செங்கல் இந்தியாவிலிருந்து வந்தது, கொத்தனார்கள் சென்னையிலிருந்து வந்தார்கள். 1918-இல் உலகத்தையே வாட்டிய விஷக்காய்ச்சல் வேலையாட்களில் பலரைக் கொண்டுபோனது. மிஞ்சியவர்கள் மாரியம்மனுக்குக் கோயில் கேட்டார்கள், துரை கட்டிக் கொடுத்தார். கொள்ளை நோயில் அம்மனிடம்தானே போவார்கள். துரை 1926-இல் லிஸ்பனில் நிமோனியாவில் இறந்தார். மாளிகை அரைகுறையாக நின்றுவிட்டது.

ஊரார் சொல்லும் கதையில் துரையும் துரை மகளும்தான் மாளிகையில் உலவுகிறார்கள். காய்ச்சலில் போன கொத்தனார்களுக்கு அங்கே ஒரு கதைகூடக் கிடையாது. எனக்கு இது பெரிய மனக்குறை. நீங்கள் போனால் காலையில் போங்கள், கூட்டம் இருக்காது. மாளிகையோடு திரும்பிவிடாமல் அருகிலுள்ள அந்த மாரியம்மன் கோயிலுக்கும் போங்கள். மேலே சாமி சிலைகளுக்கு நடுவில் துரை உடுப்பில் ஒரு சிலை நிற்கும். அதைப் பார்த்துவிட்டு, அதைச் செய்த கைகளைப் பற்றிக் கொஞ்சம் பேசுங்கள்.

நுழைவுச்சீட்டு இருக்கிற இடத்தைப் பற்றித்தான் இப்படி ஆசையாகச் சொல்கிறேன். கைவிடப்பட்ட லயம், பழைய ஆலை, ஆளில்லாத பங்களாவுக்குள் நுழைவது வேறு சமாச்சாரம். எலி இருக்கும் இடத்தில் நாகம் இருக்கும். உடைந்த பழைய கூரைத் தகட்டில் கல்நார் கலந்திருக்கலாம், தூசு நுரையீரலுக்கு ஆகாது. குளவிக் கூடு, மூடாத கிணறு, போதைப் பித்தர்கள். மேனேஜரிடம் அனுமதி இல்லாமல், பெரியவர் ஒருவர் கூட வராமல் நான் போவதில்லை.

பெண்பிள்ளைகள் பேய்க்கதையில் ஆர்வம் காட்டினால் உபதேசம் உடனே வரும். விளக்கு வைத்த பிறகு தலையை விரித்துப் போகாதே, பூ வைத்துக்கொண்டு தனியாக நடக்காதே, உச்சி வேளையில் காட்டுப் பக்கம் வேண்டாம். இந்த விதிகள் ஏன் எங்களுக்கு மட்டும் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். ஒராங் மிஞாக் கதையைக் கேட்டபோது புரிந்தது. உடம்பெல்லாம் எண்ணெய் பூசி, பிடித்தால் வழுக்கி ஓடி, பெண்களிடம் அத்துமீறும் உருவம். 1950-களிலிருந்து அவ்வப்போது இந்தப் பீதி கிளம்பும். அது பேயா? எண்ணெய் பூசிய மனிதன். ரப்பர் மரம் சீவிப் பால் எடுக்க இருட்டோடு காட்டுக்குள் தனியாகப் போன பெண்களுக்கு எது உண்மையான பயம் என்று பாட்டிகளுக்குத் தெரிந்திருந்தது. அதை நேரடியாகச் சொல்ல முடியாத காலத்தில் பேயின் பெயரில் சொன்னார்கள். இப்போது நேரடியாகச் சொல்லலாம். குளியலறை ஜன்னலில் நிழல் தெரிந்தால், யாரோ பின்தொடர்ந்தால், பூசாரியிடம் போவதற்கு முன்னால் போலீசுக்குச் சொல்லுங்கள். தங்கச்சிமார்களிடம் இதை நான் கண்டிப்பாகவே சொல்லி வைத்திருக்கிறேன்.

பள்ளி விடுமுறையில் எங்கள் வீட்டு அஞ்சடியில் (முன் வராந்தாவில்) பேய்க்கதை இரவு நடத்துவோம். ஏழெட்டுப் பிள்ளைகள், ஒரு டார்ச் லைட், ஒரு தட்டு மரவள்ளிக்கிழங்கு. ஆறு வயதுக்குக் கீழே இருப்பவர்களைச் சேர்ப்பதில்லை. அவர்களுக்குக் கதைக்கும் நிஜத்துக்கும் கோடு இன்னும் சரியாக விழவில்லை. கடைசிக் கதை எப்போதும் சிரிப்புக் கதையாக இருக்க வேண்டும், வீட்டுக்குப் போகும்போது கூட்டமாக அனுப்ப வேண்டும். லயத்தில் யாராவது இறந்து கருமாதி முடியாத நாட்களில் நடத்தக் கூடாது. சீனர்கள் ஆவிகளுக்குப் படைக்கும் ஏழாம் மாதத்தில், பக்கத்து வரிசை அங்கள் வாசலில் ஊதுபத்தியும் காகிதப் பணமும் எரிகிற இரவிலும் வேண்டாம். அந்த மாதக் கூத்து மேடையில் முன்வரிசை நாற்காலிகளை ஆவிகளுக்கென்று காலியாக விட்டு வைப்பார்கள். அங்கே நம் பிள்ளைகள் ஓடிப்போய் உட்கார்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாணயத்தை வைத்து ஆவியைக் கூப்பிடும் விளையாட்டுக்கு எங்கள் கூட்டத்தில் இடமில்லை. ஆவி வரும் என்ற பயத்தால் எடுத்த முடிவு இல்லை இது. ஒரு பிள்ளை அலறினால் அடுத்த பிள்ளையும் அலறும், பிறகு கைக்கு அடங்காது. 2016-இல் கிளந்தானில் ஒரு பள்ளியில் உருவம் பார்த்ததாக ஒருவர் பின் ஒருவராக மாணவர்களும் ஆசிரியர்களும் அலற, பள்ளியையே மூட வேண்டியதாயிற்று. பரீட்சை நெருக்கடி, சரியான தூக்கமின்மை, விடுதிக் கட்டுப்பாடு எல்லாம் சேர்ந்திருக்கும் இடத்தில் இப்படிப் பரவும். ஆகவே பரீட்சை வாரத்தில், அதுவும் விடுதியில், பேய்க்கதை வேண்டாம். ஒருவர் பயந்து நடுங்கினால் கூட்டம் கூடாமல் தனியாக அழைத்துப் போய்த் தண்ணீர் கொடுத்து, மெதுவாக மூச்சு விடச் சொல்லிக் கூடவே உட்காருங்கள். கேலி செய்யாதீர்கள்.

இப்போது அத்தை மகனோடு சேர்ந்து பாட்டிகளின் கதைகளை ஒலிநாடகமாகப் பதிவு செய்கிறோம். காய்ந்த செம்பனை மட்டையைச் சிமெண்டுத் தரையில் இழுத்தால் கால் தேய்த்து நடக்கும் சத்தம் அப்படியே கிடைக்கிறது. ஈரத் துணியைப் பிழிந்தால் கேட்கவே வேண்டாம். இவற்றைவிடப் பலமானது அமைதி. தவளைச் சத்தத்தை ஓடவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் கேட்கிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

இன்னொரு வேலையும் நடக்கிறது. எங்கள் தோட்டத்து இடுகாட்டில் லாலாங் புல் ஆளுயரம் வளர்ந்துவிட்டது. தோட்ட நிலங்கள் கைமாறித் தாமான்களாக, அதாவது வீடமைப்புப் பகுதிகளாக, மாறிக்கொண்டிருக்கும் காலம் இது, இடுகாடு எத்தனை வருடம் இப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் மாமாவோடு சேர்ந்து சமாதிகளைப் படம் எடுத்துப் பெயர்ப் பட்டியல் போடுகிறேன். பல சமாதிகளில், ஈரச் சிமெண்டில் ஆணியால் கீறிய எழுத்துகள்தான். தேய்த்துக் கழுவக் கூடாது, சுண்ணாம்பு தடவக் கூடாது, எழுத்து உதிர்ந்துவிடும். லேசாகத் தண்ணீர் தெளித்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்து எழும்பித் தெரியும். வாழைத்தோப்புப் பெண்ணின் சமாதி இன்னும் கிடைக்கவில்லை. அஞ்சாம் லயத்தில் அப்போது குடியிருந்த ஒரு தாத்தா ஈப்போவில் மகள் வீட்டில் இருக்கிறாராம், வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. மத்தியானத்துக்கு மேல் அசந்து தூங்கிவிடுவார், பத்து மணிக்கு முன்னால் வாருங்கள் என்று மகள் சொல்லியிருக்கிறார். இந்தச் சனிக்கிழமை முதல் பேருந்தில் பாட்டியையும் அழைத்துக்கொண்டு போகிறேன்.